வினா ஒன்று, விடை வேறொன்று: இழைக் கொள்கையின் வரலாறு

விஞ்ஞான வரலாறு பெரும்பாலும் வெற்றியின் வரலாறாகவே எழுதப்படுகின்றது. ஐயம் எழுந்தது, பரிசோதனை நிகழ்ந்தது, விடை கிடைத்தது என்னும் ஒழுங்கிலேயே பாடநூல்கள் அதனைக் கூறுகின்றன. அவ்வொழுங்குக்கு அடங்காத வரலாறுகளும் உண்டு. அறிமுறைப் பௌதிகத்தின் இழைக் கொள்கை அவற்றுள் ஒன்றாகும்.

1960களில் பௌதிகவியலாளரை வருத்திய வினா, அணுக்கருவினுள் புரோத்தன்களையும் நியூத்திரன்களையும் பிணைக்கும் வல்விசையின் இயல்பு யாது என்பதே. 1968இல் இத்தாலிய அறிஞர் கபிரியேல் வெனெசியானோ, வல்விசைக்குட்பட்ட துணிக்கைகள் மோதிச் சிதறும் முறையைப் பதினெட்டாம் நூற்றாண்டுக் கணிதமேதை ஒயிலரின் பீற்றாச் சார்பினால் விவரிக்கலாம் எனக் காட்டினார். சூத்திரம் பொருந்திற்று, ஆயின் அது ஏன் பொருந்திற்று என்பது விளங்கவில்லை. 1970ஆம் ஆண்டளவில் நம்பு, நீல்சன், சஸ்கிந்த் ஆகிய மூவரும் தனித்தனியே அதற்கு விளக்கம் கண்டனர். துணிக்கைகளைப் புள்ளிகளாகவன்றி அதிரும் நுண்ணிய இழைகளாகக் கொள்ளின் அச்சூத்திரம் தானே பெறப்படும் என்பதே அவ்விளக்கம். வீணையின் ஒரே நரம்பு பல சுரங்களை எழுப்புவது போல, ஒரே இழையின் வெவ்வேறு அதிர்வுகள் வெவ்வேறு துணிக்கைகளாகத் தோன்றும்.

எனினும் இக்கொள்கையின் குறைகள் விரைவில் வெளிப்பட்டன. முதல் வடிவம் 26 பரிமாணங்களை வேண்டிற்று. றமோன், நெவூ, சுவார்ஸ் ஆகியோர் 1971இல் ஆக்கிய வடிவமும் 10 பரிமாணங்களை வேண்டிற்று. அன்றியும், திணிவற்றதும் சுழற்சி எண் இரண்டு உடையதுமான ஒரு துணிக்கை கணிப்புகளில் விடாது தோன்றிற்று. வல்விசைக்குட்பட்ட துணிக்கைகளுள் அத்தகைய ஒன்று இல்லை. இதற்கிடையில் குவாக்குகளை அடிப்படையாகக் கொண்ட கொள்கை 1973இல் வல்விசைக்குத் தக்க விடையாக எழுந்தது. பலர் இழைகளைக் கைவிட்டனர்.

1974இல் ஷேர்க், சுவார்ஸ் என்னும் இருவரும், அவர்களின்றித் தனியே ஜப்பானில் யொனெயாவும், அவ்வேண்டாத் துணிக்கையை வேறு கண்கொண்டு நோக்கினர். ஈர்ப்புவிசையைச் சுமக்கும் துணிக்கைக்கு இருக்கவேண்டிய இலக்கணங்கள் அதனிடம் இருந்தன. எனவே பிழை விடையிலன்று, வினாவிலேயே உள்ளது என ஷேர்க்கும் சுவார்ஸும் வாதிட்டனர். இழையின் நீளத்தை ஏறத்தாழப் பத்தின் 20ஆம் அடுக்கு மடங்கு சிறிதாகக் கொள்ளின், சொட்டுப் பொறியியலோடு இணங்க மறுத்த ஈர்ப்புக்கே அது கொள்கையாகலாம். இக்கூற்றுக்குச் செவிசாய்த்தோர் மிகச் சிலரே. ஷேர்க் 1980இல் தமது 33ஆம் வயதில் மறைந்தார். 1984இல் கிறீனும் சுவார்ஸும் கொள்கையின் உள்முரண்பாடுகள் குறித்த சில சமச்சீர்க் குலங்களில் நீங்குகின்றன எனக் காட்டிய பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது.

பின்னர் கொள்கையின் ஐந்து வடிவங்களும் ஒரே கொள்கையின் முகங்களே என 1995இல் விற்றன் முன்மொழிந்தார். 1997இல் மல்டசேனா, ஒரு வெளியினுள் நிகழும் ஈர்ப்புக் கொள்கையும் அதன் எல்லையில் நிகழும் ஈர்ப்பற்ற கொள்கையும் சமானம் என்னும் கருத்தை முன்வைத்தார். அதன் வழியே வல்விசைக்குட்பட்ட பொருளின் சில இயல்புகளை இழைகளைக் கொண்டு ஆராய்தல் இயல்வதாயிற்று. இவ்வாறு இழைகள் தாம் பிறந்த வினாவின் வாயிலுக்கே மீண்டும் வந்தன.

இவ்வரலாறு இழைக் கொள்கை மெய்யென நிறுவுவதாகக் கொள்ளலாகாது. அதனைத் தீர்க்கும் பரிசோதனை எதுவும் இன்றுவரை இல்லை. ஜெனீவாவின் பெரிய மோதுபொறியில் 2012இல் கிக்ஸ் துணிக்கை அறியப்பட்டது. இழைக் கொள்கையினர் பலர் எதிர்பார்த்த மீச்சமச்சீர்த் துணிக்கைகள் அங்குக் காணப்படவில்லை. பரிசோதனைக்கு உட்படாத கணிதம் பௌதிகமாகுமா என வினவுவோரின் கண்டனம் நேர்மையானது. அழகு சான்றாகாது.

எனினும், தோல்வியுற்றதெனக் கருதப்பட்ட கணிப்பொன்றை ஒரு சிலர் பத்தாண்டுகள் பொறுமையோடு பேணியிராவிடின், இக்கண்டனத்துக்கே இடம் எழுந்திராது. பயன் யாதெனப் பல்கலைக்கழகங்களை அடிக்கடி வினவும் இக்காலத்தில் இது சிந்தனைக்குரியது. விடை பொருந்தாதபோது அதனைக் களைவது அறிவு. களையுமுன், வினா சரியாகக் கேட்கப்பட்டதா என ஆராய்வது அதனினும் சிறந்த அறிவு.