கீறலும் அணுவும்: கலப்புலோக வரலாற்றில் ஓர் அதிகாரம்

பன்வில மலைச்சரிவிலே தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுங் காலத்திற் கத்திகளைக் கல்லிலே தீட்டும் ஓசை கேட்கும். தீட்டுந்தோறும் கத்தியின் வாய் கூர்மை பெறுகின்றது. அதன் மேனியிலோ நுண்கீறல்கள் எண்ணில விழுகின்றன. வன்பொருள் மென்பொருளைக் கீறும் என்பது யாவரும் அறிந்ததே. ஆயின், கீறுங்கால் உலோகத்தின் அகத்தே நிகழ்வது யாது? இவ்வினாவிற்கு மாந்தர் விடை தேடிய வரலாற்றைச் சுருங்க நோக்குவாம்.

உலோகத் தொழில் இலங்கைக்குப் புதியதன்று. சமனலவெவப் பகுதியின் மேற்கு நோக்கிய மலைமுகடுகளில், பருவக்காற்றின் விசையையே துருத்தியாகக் கொண்டு இரும்புருக்கிய உலைகள் இருந்தமையைக் கில் யூலெவ் என்னும் ஆய்வாளர் அகழ்ந்து கண்டு 1996இல் வெளியிட்டார். அவ்வுலைகள் கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தன. இரும்போடு சிறிதளவு காபன் சேர உருக்குப் பிறந்தது. ஓர் உலோகத்தைத் தலைமையாகக் கொண்டு பிறவற்றைச் சிறிதளவு சேர்த்தலே பன்னெடுங்காலம் கலப்புலோக நெறியாய் இருந்தது. நம் கோயிற்படிமங்களின் ஐம்பொன்னும் இந்நெறிக்கு விலக்கன்று. பெயரில் ஐந்தெனினும் அளவிற் செம்பே மிக்கது. ஆதலின் இன்றைய பல்லுலோகக் கலப்பினை நம் முன்னோர் அன்றே அறிந்தனர் என்பார் கூற்று ஆராய்ச்சிக்கு ஒவ்வாது. முன்னோர்க்குரிய பெருமையை உள்ளவாறு உரைத்தலே அவர்க்குச் செய்யும் சிறப்பாகும்.

பல உலோகங்களைச் சம அளவிற் கலந்து முதன்முதல் விரிவாகச் சோதித்தவர் பேர்லின் நகரத்து அக்காட்டு என்பவர். அவர் 1788இல் வெளியிட்ட நூலை உலகம் மறந்தது. 1963இல் சிரில் சிமித்து என்னும் வரலாற்றாசிரியர் அதனை மீள எடுத்துக்காட்டினார். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துப் பேராசிரியர் எஸ். ரங்கநாதன் 2003இல் இத்துறையை அறிமுகஞ்செய்து கட்டுரை வரைந்தார். அடுத்த ஆண்டிலே தைவானில் யே என்பவரும் இங்கிலாந்திற் காண்டர் என்பவரும் தத்தம் ஆய்வுகளை வெளியிட்டனர். இரும்பு, கோபாற்று, நிக்கல், குரோமியம், மங்கனீசு என்னும் ஐந்தும் சம அளவிற் கலந்து ஒரே பளிங்கமைப்பாய் அமைந்ததே காண்டர் கண்ட வியப்பு. பலவகை அணுக்கள் ஒழுங்கின்றி விரவுதலால் எந்திரப்பி மிகுதலின், இவை உயரெந்திரப்பிக் கலப்புலோகங்கள் எனப் பெயர்பெற்றன.

இனி, அணுவின் இயக்கத்தைக் கண்ணாற் காண்டல் அரிது. அதனைக் கணக்காற் காணும் வழியை 1957இல் ஆல்டரும் வெயின்றைற்றும் தொடங்கினர். ஐதராபாத்திற் பிறந்த அனீசூர் ரகுமான் 1964இல் அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வுகூடத்திலே 864 ஆகன் அணுக்களின் இயக்கத்தைக் கணினியிற் கணித்தார். ஒவ்வோர் அணுவின்மீதுந் தாக்கும் விசையைக் கணித்து, நியூற்றனின் விதிப்படி அதனைச் சிறிது நகர்த்தி, மீண்டுங் கணித்தலே இம்முறை. இன்று இலட்சக்கணக்கான அணுக்களாலாய கலப்புலோகத்தின்மீது வைரமுனை ஒன்றைக் கணினியிலேயே இழுத்து ஆராய்கின்றனர்.

அங்ஙனம் இழுக்குங்கால் அணுக்கள் முனையின் முன்னும் இருமருங்கும் குவிகின்றன. கீழே, பளிங்கின் அணுத்தளங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக, ஒழுங்கு பிறழ்ந்த கோடுகள் தோன்றிப் பரவுகின்றன. தூய உலோகத்தில் அக்கோடுகள் எளிதில் ஓடும். பருமன் வேறுபட்ட அணுக்கள் விரவிய கலப்பிலோ, மேடுபள்ளமான வழியிற் செல்லும் வண்டிபோல அவை தடைப்படும். கலப்பின் வன்மைக்கு இஃதொரு காரணமாம்.

எனினும் எச்சரிக்கை ஒன்று வேண்டும். கணினியில் முனை வினாடிக்குப் பத்து மீற்றர் முதல் நூற்றுக்கணக்கான மீற்றர் வரை விரைகின்றது. ஆய்வுகூடத்துக் கீறலோ அதனினும் பன்மடங்கு மெதுவானது. எனவே கணக்கின் முடிபைச் சோதனையோடு ஒப்புநோக்காது கொள்ளுதல் தகாது. பழமையையும் புதுமையையும் ஒரே உரைகல்லில் உரைத்துப் பார்த்தலே அறிவுடையார் கடன். மலைக்காற்றை உலைக்குள் அழைத்தவனும், அணுவைக் கணக்குள் அழைத்தவனும் அக்கல்லிலே தத்தம் மாற்றுக் குன்றாது விளங்குவர்.