முற்றத்துப் பட்டறைகள்

யாழ்ப்பாணத்துக் கல்வியின் வரலாற்றை எழுதியோர் பலர். வட்டுக்கோட்டைச் செமினறி 1823 இல் தொடங்கியதையும், ஆங்கிலம் கற்று வெளியேறியோர் மலாயாவிலும் கொழும்பிலும் பெற்ற உத்தியோகங்களையும் நாம் பாடசாலைப் பருவத்திலிருந்தே கேட்டு வருகின்றோம். ஆனால், இக்குடாநாட்டில் ஓர் இயந்திரத்தை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, மீண்டும் பூட்டி, ஓடவைக்கும் அறிவு யாரிடம் இருந்தது, அது எவ்வாறு கைமாறியது என்று வினவுவோர் மிகச் சிலர். 1990 ஆம் ஆண்டுக்கும் 1995 ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் யாழ்ப்பாணம் உண்டதும் பயணஞ் செய்ததும் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றதும் பெருமளவுக்கு அந்த அறிவின் தயவினாலேயாம். ஆகவே அதனை வரலாறு என்றே கொண்டு பேசுதல் முறை.

கதை துலாவில் தொடங்குகின்றது. யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை. மாரி மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தங்குகின்றது. கோடையில் கிணற்றிலிருந்து அதனை மேலே எடுத்தாலன்றிப் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் இல்லை. பல தலைமுறைகளாக அவ்வாறு எடுத்தவை மனிதக் கால்கள். ஒருவர் இருவர் துலாவின்மேல் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, ஒருவர் கிணற்றடியில் நின்று பட்டையைப் பிடித்து ஊற்ற, இன்னொருவர் வாய்க்காலில் நீரைத் திருப்பிவிட, விடியுமுன் தொடங்கும் வேலை அது. மிதித்தவர்களிற் பெரும்பாலோர் காணியற்றவர்கள். சாதியின் பெயரால் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களும் அவர்களுள் இருந்தனர். சுதந்திரத்துக்குப் பின்வந்த ஆண்டுகளில் மண்ணெண்ணெயில் ஓடும் சிறிய நீரிறைக்கும் இயந்திரம் தோட்டங்களுக்கு வந்தபோது, அது கமக்காரனின் செலவை மட்டும் மாற்றவில்லை. துலா மிதித்தவனின் கால்களுக்கு விடுதலை தந்தது. ‘நாளைக்கு வரமாட்டேன்’ என்று சொல்லும் துணிவையும் சிலருக்குத் தந்தது. 1970 க்குப் பின், வெங்காயம், மிளகாய் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில், தோட்டக்காரர் கையிற் பணம் புழங்கியது. இறைப்பு மிசினும் ‘லான்ட் மாஸ்டர்’ உழவு இயந்திரமும் ஊர்தோறும் பெருகின.

இயந்திரம் பெருகிய அளவுக்கு அதனைத் திருத்துவோனின் மதிப்புப் பெருகியதா? இல்லை. ‘கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்’ என்று பழமொழி கட்டிக்கொண்ட சமூகம் அல்லவா நம்முடையது! சட்டைப்பையில் பேனை செருகியவனுக்கு ஒரு மரியாதை. நகத்தடியில் கறுப்பெண்ணெய் படிந்தவனுக்கு இன்னொன்று. கிராமத்து மெக்கானிக் எந்தக் கல்லூரியிலும் படித்தவனல்லன். 1958 இல் பஸ் சேவைகள் தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை அமைந்தபின் அதன் டிப்போக்களில் வேலை பழகியவன். அல்லது கொழும்புக் கராச்சில் கூலியின்றிச் சாவி எடுத்துக் கொடுத்து, ஏச்சு வாங்கிக் கற்றவன். அல்லது கொல்லுப்பட்டறையில் துருத்தி ஊதிய பரம்பரையில் வந்தவன். அவனுடைய அறிவு ஏட்டில் ஏறவில்லை.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டது. புகைவண்டி நின்றது, மின்சாரம் நின்றது, ஆனையிறவுப் பாதை அடைபட்டது. அரசாங்கம் வடக்குக்கு அனுப்பக்கூடாத பொருள்களுக்கு ஒரு பட்டியல் வகுத்தது. பெற்றோல், டீசல், சீமெந்து, இரும்பு, பசளை, பற்றரி, உதிரிப்பாகங்கள் என்று அது நீண்டது. கட்டுப்படுத்தப்பட்ட அளவில் வந்து சேர்ந்த எரிபொருள் மண்ணெண்ணெய். விளக்கெரிக்கவென்று வந்த அந்த எண்ணெயே யாழ்ப்பாணத்தின் வண்டிகளையும் ஓட்டவேண்டியதாயிற்று. வீட்டுக்குள்ளோ, பழைய ஜாம் போத்தலில் பஞ்சை இட்டுச் சிறிது மண்ணெண்ணெய் ஊற்றி, சைக்கிள் வால்வின் வழியே நூற்றிரியை நீட்டி, அந்தப் பொட்டு வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்தனர். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்னில் வானொலிச் செய்தி கேட்டனர்.

பெற்றோல் கார் மண்ணெண்ணெயில் ஓடியது என்று இன்றைய மாணவருக்குச் சொன்னால் நம்பத் தயங்குகின்றனர். அதன் காரணகாரியத்தை விளங்கிக்கொண்டாலன்றிப் பின்னர் நேர்ந்ததும் விளங்காது. பெற்றோல் ஏறத்தாழ 35 பாகை செல்சியஸிலேயே ஆவியாகத் தொடங்கும். மண்ணெண்ணெய்க்கு 150 பாகையை அண்மிய சூடு வேண்டும். குளிர்ந்திருக்கும் இயந்திரத்துள் மண்ணெண்ணெய் ஆவியாகாது துளிகளாகவே நிற்கும். பொறி தெறித்தாலும் பற்றாது. ஆதலால் முதலிற் சில துளி பெற்றோலைக் கார்பரேட்டர் வாயில் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். தங்கம்போல் பொதிந்து வைத்த பெற்றோல் ஒரு சிறு போத்தலில் இருக்கும். மோட்டார்ச் சைக்கிள்காரன் ஒவ்வொரு முறை வண்டியை நிறுத்தும்போதும் அதன் மட்டத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவான். டீசல் இயந்திரக்காரருட் சிலர் மண்ணெண்ணெயோடு தேங்காயெண்ணெயைச் சிறிது சேர்த்தனர்; டீசலுக்கு இயல்பாயுள்ள வழுவழுப்பு மண்ணெண்ணெய்க்குக் குறைவு என்பதே அதற்குக் காரணம்.

இம்முறை யாழ்ப்பாணத்தார் கண்டுபிடித்ததன்று. இங்கிலாந்தின் வயல்களில் போர்ட்சன் உழவு இயந்திரங்கள் பெற்றோலிற் கிளம்பி, மண்ணெண்ணெயை ஒத்த மலிவான எண்ணெயில் நெடுங்காலம் ஓடின. ஆனால் அவை அதற்கென்றே ஆவியாக்கும் கருவியுடன் வார்க்கப்பட்டவை. நம் ஊரின் ஒஸ்ரின் ஏ-40 காரும் மொறிஸ் மைனரும் அப்படிப்பட்டவையல்ல. அவற்றுக்கு வாய்த்த ஒரு நல்லூழ், இரண்டாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளில் மட்டமான பெற்றோலுக்கென வடிவமைக்கப்பட்டமையே. ஏ-40 இன் அமுக்க விகிதம் ஏழுக்குச் சற்றே மேல். புதிய யப்பானியக் கார்கள் மண்ணெண்ணெயில் தட்டி முனகி நின்றுவிட்ட இடத்தில், நாற்பது வயதான ஒஸ்ரின் இருமிக்கொண்டேனும் போயிற்று. பற்றரி செத்துப்போனால் முன்பக்கத்தில் ஹாண்டிலைக் கொளுவிச் சுழற்றவும் அதில் வழி இருந்தது.

போயிற்று என்றேன், எவ்வளவு காலம்? ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரில் வழிந்து, அங்கிருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். அடித்தொட்டியில் இருக்கும் எண்ணெய் நீர்த்துப்போகும். பிஸ்டன் வளையங்கள் வறண்ட இரும்பில் உரசித் தேயும். தாங்கிகள் ஓசையிடத் தொடங்கும். தலைப்பகுதியில் கரி அடை அடையாகப் படியும். பெற்றோலில் பல ஆண்டுகள் ஓடக்கூடிய இயந்திரம் சில மாதங்களிற் புகை கக்கியது. அப்போது அதனைப் பிரித்துச் சீராக்கியே தீரவேண்டும். கராச்சுகளில் மின்சாரம் இல்லை. புதிய வளையம் இல்லை, காஸ்கெட் இல்லை. எனவே அந்தப் பெரிய வேலை வீட்டு முற்றத்துக்கு வந்தது.

எங்கள் அயலில் அவ்வேலையைச் செய்த முதியவர் ஒருவரிடம் நான் பலநாள் கேட்டறிந்ததைச் சுருக்கித் தருகின்றேன். மாமர நிழலில் காரை நிறுத்தி, தண்ணீரையும் எண்ணெயையும் வடித்து, தலைப்பகுதியைத் திறப்பர். தேவையானால் இயந்திரம் முழுவதையுமே தடித்த மரக்கொப்பில் சங்கிலி மாட்டித் தூக்குவர். தடியும் கயிறும் கொண்டு பாரம் கிளப்பும் வித்தை துலாக் கண்ட ஊருக்குப் புதிதா என்ன! கழற்றிய ஒவ்வோர் உறுப்பும் பாயில் ஒழுங்காக அடுக்கப்படும். வால்வுகளை இயக்கும் தண்டுகள் இடம் மாறக்கூடாது. ஆகையால் ஒரு வாழைக்குற்றியில் வரிசையாகக் குத்தி வைப்பாராம். கழுவுவதற்கு வேண்டிய மண்ணெண்ணெயை ஒருமுறை பயன்படுத்தி ஊற்றிவிடும் வசதி ஏது? அடைய வைத்து, மேலே தெளிந்ததை வடித்து, மறுபடியும் அதிலேயே கழுவினர்.

வால்வு தீட்டுதல் பொறுமையைச் சோதிக்கும் வேலை. வால்வின் விளிம்பில் அரைக்கும் பசையைத் தடவி, அதன் ஆசனத்தில் இருத்தி, ஒரு கோலை இரண்டு உள்ளங்கைக்கும் இடையில் வைத்து மோர் கடைவதுபோல் முன்னும் பின்னுமாக உருட்டவேண்டும். விளிம்பு முழுவதும் ஒரே சீரான சாம்பல் நிற வளையம் தோன்றும்வரை கை நிற்கலாகாது. பிறகு தலைப்பகுதியைக் கவிழ்த்து, குழியில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்ப்பர். கசிந்தால் மீண்டும் கடைதல். அப்பசையின் சிறு டப்பா ஒன்று ஊருக்குள் வீடு வீடாகக் கைமாறிச் சென்றது என்றார். எண்ணெய் மூடிகளுக்கான காஸ்கெட்டைத் தடித்த அட்டையில் வெட்டினர். அட்டையை உலோகத்தின்மீது விரித்து, விளிம்பு நெடுகச் சுத்தியலின் உருண்டைப் பக்கத்தால் மெல்லத் தட்டினால் அட்டை தானாகவே அந்த வடிவத்தில் அறுபட்டு வரும். தலைக்குரிய செப்புக் காஸ்கெட்டை நெருப்பிற் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரிற் போட்டு இளக்கி மறுபடி இட்டனர். செம்பு இரும்புக்கு மாறானது. சட்டெனக் குளிர்ந்தாலும் மெதுமையே அடையும். இந்தப் பண்பை விஞ்ஞான ஆசிரியர் வகுப்பில் விளக்குகின்றார். பெரியவர் அதனைக் கொல்லுலையில் அறிந்தவர்.

பூட்டும்போது தலையின் நட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி வெளிநோக்கிப் பலசுற்றாக இறுக்கவேண்டும். ஒரே மூச்சில் ஒன்றை இறுக்கினால் தலை கோணும். இறுக்கத்தை அளக்கும் கருவி அவரிடம் இருந்ததில்லை. “முழங்கை சொல்லும்” என்றார். ஆங்கிலக் காருக்கு அங்குலச் சாவி, யப்பான் மோட்டார்ச் சைக்கிளுக்கு மில்லிமீற்றர்ச் சாவி. இல்லாதபோது இடைவெளியில் தகரத்துண்டைச் செருகிச் சமாளித்தனர். ஆயினும் கைக்கருவிக்கும் எல்லை உண்டு. சிலிண்டர் முட்டை வடிவாகத் தேய்ந்துவிட்டால் அரத்தால் அதனை வட்டமாக்க ஒருவராலும் இயலாது. அதற்கு லேத் பட்டறை வேண்டும். பட்டறைக்கு எரிபொருள் வேண்டும். அத்தகைய கார்கள் வேறு கார்களுக்கு உறுப்புத் தானஞ் செய்து கோழிக்கூடாக முடிந்தன.

இக்காலத்தை ‘தமிழரின் தன்னிகரற்ற ஆற்றல்’ என்று வீரகாவியமாகப் பாடுவோர் உள்ளனர். அவர்களோடு நான் முழுவதும் உடன்படுவதற்கில்லை. ஆற்றல் உண்மை, அதன் விலையும் உண்மை. பெற்றோலும் மண்ணெண்ணெயும் கலந்து திறந்த சுவாலையருகே புழங்கிய வீடுகளில் உடல் வெந்தோர் இருந்தனர். அரைகுறையாய் எரிந்த எண்ணெயின் கரும்புகையைத் தெருவிற் சென்ற பள்ளிப் பிள்ளைகள் சுவாசித்தனர். எண்ணெய் வாங்க இயலாத தோட்டங்களில் துலாவை மீண்டும் மிதிக்க வேண்டியதாயிற்று. மிதித்தவர்கள் யார் என்று அந்தக் காவியங்கள் சொல்வதில்லை. காசுள்ளவன் விலைகொடுத்து மண்ணெண்ணெய் வாங்கி இறைத்தான். இல்லாதவன் தன் காலாலும் மனைவி மக்களின் கைகளாலும் இறைத்தான். பொருளாதாரத் தடை எல்லோர்மீதும் விழுந்தது. எல்லோர்மீதும் ஒரே பாரமாக விழவில்லை.

இயந்திரத் திருத்தம் உயிர்காக்கும் வேலையாயிருந்த இடம் ஒன்றும் உண்டு. தரைப்பாதை மூடியபின் மக்கள் கிளாலி நீரேரியை இரவில், விளக்கின்றி, வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகுகளிற் கடந்தனர். 1993 யனவரியில் அந்நீரேரியிற் பயணிகள் கடற்படையினராற் கொல்லப்பட்டனர். நடு நீரில் பிளக் கரிபிடித்து இயந்திரம் நின்றுவிட்டால், இருளில் விரலால் தடவி அதனைக் கழற்றித் துடைத்துப் பூட்டிய படகோட்டிக்கு அவ்வேலையைக் கற்பித்த பாடசாலை எது?

தடைக்குள் வாழ்ந்த பிற நாட்டாரும் இத்தகைய வித்தைகளைப் பயின்றனர். இரண்டாம் உலகப் போரில் பெற்றோல் அருகியபோது சென்னை மாகாணத்தின் பஸ்கள் பின்புறத்தில் அடுப்பைச் சுமந்து கரிவாயுவில் ஓடின. 1962 இல் அமெரிக்கா விதித்த தடைக்குப் பின் கியூபா மக்கள் தம் பழைய செவ்ரலே கார்களைப் பல பத்தாண்டுகள் உயிரோடு வைத்திருந்தனர். கியூபாவின் கார்கள் உலகப் புகழ் பெற்றுவிட்டன. உல்லாசப் பயணிகள் படம் பிடிக்கின்றனர். நம் ஏ-40 களின் கதையோ சில கல்யாண ஊர்வலப் படங்களோடு நின்றுவிட்டது.

1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் பல இலட்சம்பேர் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தனர். சைக்கிளின் பின்னால் எதைக் கட்டுவது என்ற கேள்விக்கு அப்பெரியவர் கண்ட விடை, அரிசி ஒரு பை, சாவிப்பெட்டி ஒன்று. இறைப்பு மிசினை வீட்டிலேயே விட்டுச் சென்றார். ஆறு மாதங்கழித்துத் திரும்பியபோது அது இருக்கவில்லை.

2002 இல் ஏ-9 பாதை திறந்தது. புதிய மோட்டார்ச் சைக்கிள்கள் தவணைப் பணத்துக்கு வந்து குவிந்தன. பாதை 2006 இல் மீண்டும் மூடுண்டு, போர் முடிந்த 2009 இல் மறுபடி திறந்தது. பழைய கார்கள் பழைய இரும்புக்கு எடையில் விற்கப்பட்டன. அங்குலச் சாவிகளும் அவற்றோடு போயின. முற்றத்திற் கற்ற இளைஞருட் பலர் கனடாவிலும் பிரான்சிலும் வேறு வேலை பார்க்கின்றனர். எஞ்சியோருக்கு அவர்கள் அறிந்த வித்தைக்கு ஒரு சான்றிதழ்தானும் இல்லாமையால், தொழில்தேடிச் சென்ற இடங்களில் ‘படிக்காதவர்’ என்றே பதியப்பட்டனர்.

2022 இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது, தெற்கிலுள்ளோர் அதனை முன்னொருபோதும் காணாத துன்பம் என்றனர். அவ்வாண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே தடவையில் உயர்த்தப்பட்டது. மண்ணெண்ணெயில் இறைப்பவரும் கடலுக்குப் போகின்றவரும் முதலில் அடிபட்டனர். கார் வைத்திருந்த சிலர், தொண்ணூறுகளிற் செய்ததுபோல் செய்யலாமா என்று கேட்டுக்கொண்டு பெரியவரிடம் வந்தனராம். அவர் மூடியைத் திறந்து பார்த்தார். கார்பரேட்டர் இல்லை, கணினி எரிபொருளைப் பீச்சும் இயந்திரம் அது. மூடியை மெல்லச் சாத்திவிட்டு, வெளியே இருந்த ஒருவரின் பழைய இறைப்பு மிசினைக் காட்டி, அதை முதலிற் கொண்டுவரச் சொன்னார்.