சமோசா: பெயரின் வழியும் பண்டத்தின் வழியும்

சமோசா அயல்நாட்டுப் பண்டமா, இந்தியப் பண்டமா என்னும் வழக்கு அவ்வப்போது எழுகிறது. இரு தரப்பினரும் பெயரின் வரலாற்றையே பண்டத்தின் வரலாறாகக் கொள்கின்றனர். மொழியியல் நோக்கில் இரண்டும் வேறு.

முதலில் பெயரைக் காண்போம். 'சமோசா' பாரசீக மூலத்திலிருந்து வந்த சொல். அதன் அரபு வடிவமாகிய 'சன்பூசஜ்', 10ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இப்னு சய்யார் அல்வர்ராக் தொகுத்த சமையல் நூலில் காணப்படுகிறது. 14ஆம் நூற்றாண்டில் முகம்மது பின் துக்ளக்கின் தில்லி அரசவை விருந்துகளை விவரிக்கும் பயணி இப்னு பதூதா, கொத்திய இறைச்சியோடு பாதாம், பிஸ்தா, வெங்காயம், நறுமணப் பொருள்கள் சேர்த்து, மெல்லிய மாவுத் தகட்டில் பொதிந்து நெய்யில் பொரித்த பண்டத்தை இப்பெயராலேயே குறிக்கிறார்.

16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அபுல் ஃபசல் எழுதிய 'அயினி அக்பரி' வியப்பான ஒரு செய்தியைத் தருகிறது. 'குத்தாப்' என்னும் உணவைக் குறிப்பிட்டு, இந்நாட்டு மக்கள் அதனைச் 'சன்பூசா' என்பர் என்கிறார் அவர். பாரசீக மொழியில் எழுதியவருக்கே அப்பாரசீகச் சொல் இந்திய வழக்காகத் தோன்றியிருக்கிறது. அதற்குள் அச்சொல் இம்மண்ணில் வேரூன்றிவிட்டது.

இனிப் பண்டம். அந்நூல் கூறும் அளவு: 10 சேர் இறைச்சி, 4 சேர் மாவு, 2 சேர் நெய். காரத்திற்கு இஞ்சியும் மிளகும். உருளைக்கிழங்கும் இல்லை, மிளகாயும் இல்லை. அவ்விரண்டும் அமெரிக்கக் கண்டங்களின் பயிர்கள். ஐரோப்பியரின் கடல்வழி வணிகத்தால் இங்கு வந்தவை. இன்று நாம் தேநீரோடு உண்ணும் உருளைக்கிழங்குச் சமோசாவைத் துக்ளக்கின் விருந்தினர் கண்டதே இல்லை.

பண்டம் நிலைத்துப் பெயர் மாறிய இடங்களும் உண்டு. வங்கத்தில் இது 'சிங்காடா'. கூரிய முனைகளுடைய நீர்க்காய் ஒன்றின் பெயர் அது. 'சிருங்காடகம்' என்னும் வடசொல்லின் வழிவந்தது. ஐதராபாத்தில் சதுர வடிவில் செய்வது 'லுக்மி'. கவளம் எனப் பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்த பெயர்.

பாரசீகப் பெயர், அமெரிக்கக் கிழங்கு, இந்தியக் கைப்பக்குவம்: இவற்றுள் எதைப் பிரித்தெடுத்து அயலது என விலக்குவது? சொல்லின் பிறப்பிடம் பண்டத்தின் குடியுரிமைச் சான்றன்று. அதனை உண்போரின் குடியுரிமைக்கும் அது சான்றாகாது.