மண் மூடிய துறைமுகங்கள்: கொற்கை முதல் காயல் வரை

பழைய காயல், புன்னைக்காயல், காயல்பட்டினம். தாமிரபரணி கடலோடு கலக்கும் பகுதியில், ஒன்றுக்கொன்று வெகுதொலைவில்லாமல் அமைந்த மூன்று ஊர்கள் இவை. காயல் என்பது கடலை ஒட்டிய உப்பங்கழியைக் குறிக்கும் சொல். ஊரின் பெயரிலேயே அதன் நிலவியலும் அடங்கியிருக்கிறது. ஆயினும் நம் வரலாற்றைப் பேசும்போது மன்னர்களையும் வணிகர்களையும் நினைவுகூரும் நாம், அவர்களை இக்கரைக்கு வரவழைத்ததும் பின்னர் அகலச் செய்ததுமான ஆற்றை மறந்துவிடுகிறோம்.

காயலுக்கு முன்பு இங்கே கொற்கை இருந்தது. பாண்டியரின் முத்துத் துறைமுகமான அதனைக் கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடற்பயண நூலும், அடுத்த நூற்றாண்டில் தாலமியும் கொல்கோய் என்று குறித்தனர். இன்று கொற்கைக்குச் செல்வோர் அங்கே கடலைக் காண முடியாது. வயல்களும் பனைகளும் சூழ்ந்த அச்சிற்றூரிலிருந்து கடற்கரை 6, 7 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கடல் தானாக விலகிவிடவில்லை. ஆறு கொண்டுவந்து கொட்டிய மண்ணே இடையில் நிலமாகிவிட்டது.

இது எவ்வாறு நிகழ்கிறது? பொதிகை மலைச் சரிவில் விழும் மழை, பாறையின் வெடிப்புகளில் புகுந்து அதனைச் சிறிது சிறிதாகச் சிதைக்கிறது. சரிவில் விரைந்தோடும் நீர் அந்தச் சிதைவுகளை உருட்டிக்கொண்டு இறங்குகிறது. நீரின் வேகம் இரு மடங்கானால், அது நகர்த்தக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும் என்பது நீரியலின் பழைய கணக்கு. ஆண்டு முழுதும் தெளிந்தோடும் ஆறு, வெள்ளக் காலத்தின் சில நாள்களிலேயே பெரும்பகுதி மண்ணைச் சுமந்துவிடுவதன் காரணம் இதுவே. சமவெளியில் வேகம் தணியத் தணிய, முதலில் கற்களும், பின்னர் மணலும், இறுதியில் வண்டலும் படிகின்றன. கடலின் உப்புநீர் பட்டவுடன் நுண்ணிய களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு கீழே இறங்குகின்றன. அலைகளோ மணலைத் திரும்பக் கரைக்குத் தள்ளித் திட்டுகளாக்குகின்றன. கப்பல் நின்ற ஆழம் ஒரு தலைமுறையில் தோணிக்கும், பின்னொரு தலைமுறையில் நடைக்கும் உரியதாகிறது.

கொற்கை தூர்ந்தபின் வணிகம் கடலை நோக்கி நகர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ காயலைக் கண்டபோது, ஹொர்முஸ், கிஸ், ஏடன் ஆகிய இடங்களிலிருந்து குதிரைகளுடன் கப்பல்கள் அங்கே வந்துகொண்டிருந்தன. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் அவ்வணிகத்தின் விவரங்களைத் தருகிறார். கிஸ் தீவின் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்ப உடன்பாடு இருந்தது. குதிரை ஒன்றின் விலை 220 செம்பொன் தீனார். வழியில் இறந்த குதிரைக்கும் பாண்டிய மன்னன் விலை கொடுக்க வேண்டும். ஜமாலுத்தீனின் சகோதரர் தக்கியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டிய அரசில் அமைச்சராகவும் விளங்கினார். தமிழகத்து முஸ்லிம்களின் வரலாற்றில் காயல் பெறும் சிறப்பிடம் அத்தகையது.

அந்தக் காயல் எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. காயல்பட்டினமே என்று கருதுவோரும் உளர். 1881இல் திருநெல்வேலிச் சரித்திரத்தை வெளியிட்ட கால்டுவெல், பழைய காயலையே சுட்டினார். அங்குள்ள வெட்டவெளியில் சீனப் பீங்கான் ஓடுகள் சிதறிக் கிடந்ததை அவர் கண்டார். கொற்கையை மூடிய அதே வண்டல் காயலையும் உள்நாட்டு ஊராக்கியது என்பது அவர் முடிவு. பழைய காயலும் இன்று கடலோர ஊர் அன்று. ஆறு கடலில் கலக்குமிடம் புன்னைக்காயல். பெருங்கப்பல்களின் வணிகம் காலப்போக்கில் தூத்துக்குடிக்குச் சென்றது.

இவ்விரு துறைமுகங்களையும் போரைவிட உறுதியாக முடித்துவைத்தது சேறு. தோற்ற மன்னன் மீண்டும் வென்றதுண்டு. தூர்ந்த துறைக்குக் கப்பல் திரும்பவில்லை. எனினும் அதே வண்டல்தான் நெல்லும் வாழையும் விளையும் கழனியாயிற்று. ஆறு ஒரு வாழ்வாதாரத்தை எடுத்துக்கொண்டு மற்றொன்றை நமக்குத் தந்தது.

2023 டிசம்பரில், ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை காயல்பட்டினத்தில் பெய்தது. தாமிரபரணி கரைபுரண்டு, ஊர்கள் தீவுகளாயின. மண் எங்கே படிகிறதோ அங்கே நீரின் வழி குறுகுகிறது. குறுகிய வழியில் நாம் வீடும் கட்டினால், வெள்ளம் வீட்டின் வழியாகத்தான் போகும். மலையிலிருந்து மண் வருவதை நம்மால் நிறுத்த இயலாது. குளங்களையும் கால்வாய்களையும் தூர்வாருவதும், நீர்வழிகளை விட்டுவைப்பதும், வயல்வெளியில் கிடைக்கும் பழைய ஓடுகளைக் குப்பையெனத் தள்ளாமல் காப்பதும் நம்மால் இயலும். இவை நம் பொறுப்பில் விடப்பட்ட அமானிதங்கள்.