புத்தகமா, கல்லாவா?

சனிப்பெயர்ச்சி நெருங்கினால் எங்கள் மதுரையில் ஒரு பட்டிமன்றம் தொடங்கிவிடும். வாக்கியப் பஞ்சாங்கம் ஒரு தேதி சொல்லும். திருக்கணிதம் வேறொரு தேதி சொல்லும். "அப்ப என்னிக்குத்தான்யா கோயிலுக்குப் போறது?" என்று வீட்டுக்கு வீடு குழப்பம். உங்கள் வீட்டில் எந்தக் கட்சி? எதுவானாலும் சரி... இந்த வழக்கை முன்னின்று வாதாடியவர்களில் ஒருவரை இன்று உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். பெயர், சிந்தாமணி ரகுநாதாச்சாரி.

நான் படித்தது பி.காம். அதில் ஒரே ஒரு பாடம் மட்டும் மறக்கவில்லை. கணக்குப் புத்தகத்தில் இருக்கும் தொகையும் கல்லாவில் இருக்கும் ரொக்கமும் ஒத்து வரவில்லையா? கல்லாவை எண்ணிப் பார், பிறகு புத்தகத்தைத் திருத்து! ரகுநாதாச்சாரி வானத்துக்குச் சொன்னதும் இதேதான். பஞ்சாங்கம் கணிக்கிற குடும்பத்தில் பிறந்தவர். "கணக்கு ஒன்று சொல்கிறது, ஆகாயம் ஒன்று சொல்கிறது என்றால், ஆகாயத்தை நம்பு" என்பது அவர் கட்சி.

அவர் வேலை பார்த்தது நுங்கம்பாக்கத்தில், 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய சென்னை வானாய்வுக்கூடத்தில். அங்கே 1855-ல் ஒரு பரபரப்பு. இயக்குநராக இருந்த கேப்டன் ஜேக்கப், ஒன்றையொன்று சுற்றிவரும் இரட்டை நட்சத்திரம் ஒன்றை ஆராய்ந்து கொண்டிருந்தார். '70 ஒஃபியூக்கி' என்று பெயர். போட்ட கணக்கில் நட்சத்திரங்கள் நிற்கவில்லை, சற்றே விலகின. 'கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று பிடித்து இழுக்கிறது போலும்' என்று எழுதிவிட்டார். வேற்றுச் சூரியனுக்கு ஒரு கோள் உண்டு என்று அளவுகளைக் காட்டி வாதாடியவர்களில் அவர் முன்னோடி. உலகத்தில் எங்கேயோ அல்ல, நம்ம நுங்கம்பாக்கத்தில்!

பாவம், அது தப்பாகிவிட்டது. பின்னால் வந்த துல்லியமான அளவீடுகளில் அந்தக் கோள் காணாமல் போனது. ஆனால் யோசனை தப்பில்லை. 1995-ல் ஸ்விட்சர்லாந்தின் மேயரும் கெலோஸும், கோள் இழுக்கும்போது நட்சத்திரம் தள்ளாடுவதை வைத்துத்தான் 51 பெகாசியின் கோளைப் பிடித்தார்கள். 2019-ல் நோபல் பரிசும் கிடைத்தது.

ஜேக்கப்புக்குப் பின் 1861-ல் வந்தவர் போக்ஸன். அவரிடம் முதல் உதவியாளராக இருந்த ரகுநாதாச்சாரி, 1867-ல் ஒரு நட்சத்திரத்தின் ஒளி ஏறி இறங்குவதைக் கண்டுபிடித்தார். 'ஆர் ரெட்டிகுலி'. சுமார் ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை விம்மித் தணியும் நட்சத்திரம் அது. மூச்சு வாங்குகிற மாதிரி! ஒரு இரவு பார்த்தால் தெரியாது. இரவு இரவாகப் பார்த்து, குறித்து வைத்தவர்களுக்குத்தான் பிடிபடும். 1872-ல் லண்டன் ராயல் வானியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது.

1874-ல் சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கடந்து போனது. பொதுமக்களுக்குப் புரியவேண்டுமென்று அதை விளக்கி ஒரு சிறு நூலே எழுதினார். இங்கேதான் விஷயம். இன்று பூமி போன்ற கோள்களைத் தேடுகிறார்களே, அதுவும் இதே வித்தைதான்! நட்சத்திரத்துக்குக் குறுக்கே கோள் போகும்போது ஒளி துளியூண்டு மங்கும். எவ்வளவு? நம் சூரியனும் பூமியும் என்றால், லட்ச ரூபாயில் எட்டு ரூபாய் குறைகிற மாதிரி. 2009-ல் ஏவப்பட்ட கெப்ளர் தொலைநோக்கி இப்படி 2,600-க்கு மேற்பட்ட கோள்களைக் கண்டது. நட்சத்திரம் தானாகவே மினுங்கி மங்குவதைக் கழித்தால்தான் அந்த எட்டு ரூபாய் பிடிபடும். அதாவது, ஜேக்கப் தேடிய கோளைப் பிடிக்க, ரகுநாதாச்சாரியின் நாடி பார்க்கிற பொறுமை வேண்டும்.

1880-ல் அவர் காலமானார். அதற்கு முன்பே, 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் நம் பக்கத்தைச் சூறையாடியிருந்தது. 'மழை பொய்ப்பதற்கும் சூரியப் புள்ளிகளுக்கும் சம்பந்தம் உண்டா?' என்ற கேள்வி எழுந்தது. அதற்கு விடை தேட, 1899-ல் வானாய்வு கொடைக்கானலுக்கு மாறியது. அன்றைக்கு அது மதுரை மாவட்டம். கொடைரோடு பக்கம் ரயிலில் போகும்போது மேற்கே தெரியுமே, அந்த மலைதான். நட்சத்திரத்தைப் பார்த்த கண்கள் சூரியனுக்குத் திரும்பின.

தப்பாகப் போன ஜேக்கப்பின் கோள், வேற்றுக் கோள்களைத் தேடிய வரலாற்றில் இடம்பிடித்துவிட்டது. சரியாகச் சொன்ன நம்மவரை நாம்தான் மறந்துவிட்டோம். அவர் தொடுத்த வழக்கை மட்டும் விடாமல் நடத்துகிறோம்!

மார்கழி, தை மாதம் மொட்டைமாடிக்குப் போனால் தெற்கே பாருங்கள். அகத்தியர் என்று பெரியவர்கள் காட்டும் பிரகாசமான நட்சத்திரத்துக்கு வலப்பக்கம் கீழே, அடிவானத்தை ஒட்டி அவருடைய நட்சத்திரம் இருக்கிறது. வெறும் கண்ணுக்குத் தெரியாதுதான். பரவாயில்லை. பஞ்சாங்கத்தைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை அவர். ஒருமுறை நிமிர்ந்து பார்க்கத்தான் சொன்னார்.