டயர்ச் சுவரின் பிதுக்கம்: சரக்கு வண்டிக் காற்றழுத்தத்தின் வரலாறு குறித்து

மைசூரில் பிக்கப் வண்டிக்குக் காய்கறி ஏற்றியதும் பின்சக்கரத்தைக் காலால் உதைத்துப் பார்ப்பதும், டயரின் பக்கச்சுவர் சற்றே பிதுங்கியிருந்தால் காற்று போதாது என்று முடிவு கட்டுவதும் இன்றும் தொடரும் வழக்கம். இக்கண்ணளவு அறியாமையால் பிறந்ததன்று. வேறொரு வகை டயருக்கு அது பொருந்திய அளவுகோலே.

காற்றடைத்த சக்கரத்துக்கு 1845இல் ராபர்ட் வில்லியம் தாம்சனும், 1888இல் ஜான் பாய்ட் டன்லப்பும் காப்புரிமை பெற்றனர். இருவரும் நாடியது அதிர்வற்ற பயணம். சுமை வண்டிகளோ முதல் உலகப் போர்க்காலம் வரை பெரும்பாலும் கெட்டி ரப்பர்ச் சக்கரங்களிலேயே ஓடின. சரக்கு வண்டியும் காற்றின்மேல் ஓட முடியும் என்பதை மெய்ப்பிக்க, 1917இல் குட்இயர் நிறுவனம் அமெரிக்காவின் ஆக்ரன் நகரிலிருந்து பாஸ்டனுக்கு ஒரு வண்டியை அனுப்ப வேண்டியிருந்தது.

சுமையைத் தாங்குவது உள்ளே அடைபட்ட காற்று. ரப்பரும் நூலடுக்குகளும் அக்காற்றைச் சிறைப்படுத்தும் கலம் மட்டுமே. மிகுந்த அழுத்தத்துக்கு வலுவான கலம் தேவைப்பட்டதால் பருத்தி நூலடுக்குகளின் எண்ணிக்கையே வலிமையின் அளவாயிற்று. பருத்தி போய் ரேயானும் நைலானும் வந்த பின்னும் 'பிளை ரேட்டிங்' என்னும் எண் டயர்ச் சுவரில் நிலைத்துவிட்டது. அவ்வெண்ணை இன்று அடுக்குகளின் உண்மைக் கணக்காகக் கொள்ளலாகாது. அளவுகள் இப்படித் தம் காரணத்தைக் கடந்து வாழ்வது புதிதன்று: 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் முறைக்கு மாறிய நாட்டில், காற்று பிடிக்கும் இடத்தில் இன்றும் பவுண்டுக் கணக்கே ஒலிக்கிறது.

நூலடுக்குகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் செல்லும் பழைய டயரின் பக்கச்சுவர் விறைப்பானது. அது பிதுங்கினால் காற்றுக் குறைவென்று ஐயுறுவது நியாயம். மிஷ்லின் நிறுவனம் 1946இல் காப்புரிமை பெற்ற ரேடியல் டயரில் நூல்கள் விளிம்புக்கு விளிம்பு நேராக ஓடுகின்றன. விறைப்பு முழுவதும் தரைப்பகுதிக்கு அடியிலுள்ள கச்சையில் இருக்கிறது. சரியான அழுத்தத்திலும் அதன் சுவர் பிதுங்கியே தோன்றும். மைசூர் கே.ஆர்.எஸ். சாலையில் கர்நாடக அரசின் பங்கேற்புடன் உருவாகி, 1997இல் ஜே.கே. டயர் வசமான விக்ராந்த் ஆலை பின்னர் சரக்குந்து ரேடியல்களின் முக்கிய உற்பத்திக் களமாயிற்று. டயர் மாறிய வேகத்தில் கண் மாறவில்லை. பிதுக்கம் மறையும்வரை காற்றேற்றிய வெற்று வண்டியில் தரையைத் தொடும் பரப்பு சுருங்குகிறது, நடுப்பகுதி தேய்கிறது, பிரேக் பிடிக்கையில் பின்பக்கம் துள்ளுகிறது.

மறுமுனைத் தவற்றின் விலையை அமெரிக்கா கண்டது. ரேஞ்சர் பிக்கப்பின் அடிப்படையில் ஃபோர்டு உருவாக்கிய எக்ஸ்புளோரர், வெளியீட்டுக்கு முந்தைய சோதனைகளில் கவிழும் போக்கைக் காட்டியது. நிறுவனம் கைக்கொண்ட தீர்வுகளில் ஒன்று, டயர் அழுத்தத்தை 26 பவுண்டாகப் பரிந்துரைத்தது. அழுத்தம் குறைந்தால் டயர் மிகுதியாக வளைந்து சூடேறும். 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அந்நிறுவனம் 30 பவுண்டே வேண்டும் என்றது. 271 இறப்புகள் இவ்விவகாரத்தோடு தொடர்புபடுத்தப்பட்டன. அரசு விசாரணை டயரின் வடிவமைப்புக் குறையையே முதன்மையாகச் சுட்டியது. அது சரியான முடிவே. ஆயினும், குறையுள்ள டயருக்கு எஞ்சியிருந்த பாதுகாப்பு இடைவெளியை அந்த 26 மேலும் குறுக்கியது என்பதை மறுக்க இயலாது. அழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் கருவி அங்குக் கட்டாயமானதும் இதன் விளைவே.

ஆகவே பிக்கப் வண்டிக்குரிய எண்ணைத் தேட வேண்டிய இடம் டயர்ச் சுவரன்று. அங்குள்ளது பெரும்பாலும் உச்ச வரம்பு. வண்டியின் கதவுத்தூணிலோ கையேட்டிலோ முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும், வெற்று வண்டிக்கும் சுமை வண்டிக்கும் தனித்தனியே எண்கள் தரப்பட்டிருக்கும். அவை யாவும் ஆறிய டயருக்கானவை. வெப்பம் 10 டிகிரி கூடினால் அழுத்தம் ஏறத்தாழ 1 முதல் 2 பவுண்டு உயரும். மைசூரின் விடியற்குளிரில் காற்றுப் பிடித்து, சாமராஜநகர் வழியே திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, சத்தியமங்கலத்தின் நண்பகல் வெயிலை அடையும் வண்டியில் அளவி கூடுதலாகவே காட்டும். அங்கே காற்றை இறக்கிவிட்டால், பின்னர் குளிர்ந்த வேளையில் சுமையேற்றி மலையேறுகையில் அதே டயர் காற்றுக் குறைவோடு ஓடும்.