துடைத்தவன் கணக்கு

எங்க சித்தப்பா ஓர் அணுமின் நிலையத்தில் கான்டிராக்ட் கூலியாக இருந்தார். எந்த நிலையம் என்பது இங்கே வேண்டாம். சேரியிலிருந்து லாரியில் ஏற்றிப் போவார்கள். கையுறை, காலுறை, சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ். "ஓடு, துடை, ஓடியா. அவ்ளோதான்டா வேலை" என்பார். சில நாள் கழித்து மேஸ்திரி "நாளைலேர்ந்து வராதே" என்பான். ஏன் என்று இவர் கேட்டதில்லை. லாரியில் வேறு ஆள் ஏறுவான்.

அணுவுலைப் பாதுகாப்பின் வரலாறு என்றதும் எனக்கு அந்த லாரிதான் ஞாபகம் வருகிறது.

இந்திய விதிப்படி ஒரு தொழிலாளி வாங்கக்கூடிய கதிர்வீச்சு ஓராண்டில் 30 மில்லிசீவர்ட், ஐந்தாண்டில் 100. விதி நல்ல விதிதான். ஆனால் அது ஆளுக்கு ஆள் எண்ணுகிற கணக்கு. பத்துப் பேர் வாங்குவதை நூறு பேருக்குப் பங்கு போட்டுவிட்டால் எவனும் எல்லையைத் தாண்டமாட்டான். ஏடு சுத்தமாக இருக்கும். எல்லைக்குக் கீழே ஆபத்தே இல்லை என்றும் அர்த்தமில்லை. அளவு கூடக்கூடப் புற்று அபாயம் கூடும் என்று வைத்துக்கொண்டுதான் அந்த எண்ணையே போட்டார்கள்.

ஜப்பானில் ஹோரியே குனியோ என்பவர் மிஹாமா, ஃபுகுஷிமா, சுருகா நிலையங்களில் தானே கூலியாகச் சேர்ந்து, பார்த்ததை எழுதினார். 1979-ல் வந்த அந்த நூலின் பெயர் 'அணுவுலை ஜிப்சி'. நிலையம் விட்டு நிலையம் அலையும் ஒப்பந்தக் கூலிகளுக்கு அங்கே அதுதான் பெயர். 2011 மார்ச்சில் அதே ஃபுகுஷிமா வெடித்தபோது, அவசர வேலை செய்பவருக்கான எல்லையை 100-லிருந்து 250 மில்லிசீவர்ட்டாக உயர்த்தினார்கள். உடம்பு என்னவோ அதே உடம்புதான்.

இங்கே கூடங்குளம். 1988-ல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் ஒப்பந்தம் போட்டார்கள். 1989 மே 1 அன்று கன்னியாகுமரி ஊர்வலத்தில் துப்பாக்கிச் சூடு. 2011-ல் இடிந்தகரைப் பந்தல். 2012 செப்டம்பர் 10 அன்று கடற்கரையில் தடியடி, கண்ணீர்ப்புகை. அந்த மீனவப் பெண்கள் உட்கார்ந்ததால்தான் உலை பற்றிய பேச்சு நம் தெருவுக்கே வந்தது. அதைக் குறைத்துச் சொல்பவனல்ல நான். பந்தலுக்கு நானும் போனவன்தான். சுனாமி வந்தால் என்ன, சனங்களை எப்படி வெளியேற்றுவது, கடல் சூடானால் மீன் என்னாகும், எல்லாம் பேசினோம். மத்திய அரசு அமைத்த 15 பேர் நிபுணர் குழு உலை தாங்கும் என்றது. உள்ளே துடைப்பவன் யார் என்று இரண்டு பக்கமும் அதிகம் பேசி நான் கேட்கவில்லை. மலக்குழி என்றால் சாதி சட்டென்று தெரிந்துவிடுகிறது. வெள்ளை அங்கி மாட்டிவிட்டால் நமக்கே தெரியாமல் போகிறது, தோழர்களே.

2013-ல் முதல் உலை இயங்கியது, 2016-ல் இரண்டாவது. 3, 4-க்கு 2017-லும் 5, 6-க்கு 2021-லும் கான்கிரீட் போட்டார்கள். ஆறும் ஓடினால் 6000 மெகாவாட். ஆறையும் அவ்வப்போது நிறுத்திப் பராமரிக்க வேண்டும், அதற்கு ஆள் வேண்டும்.

சித்தப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். நோய் எதனால் வந்தது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். சொல்வதற்கு அவர் வாங்கிய அளவு தெரியவேண்டும். சின்னம்மா டிரங்குப் பெட்டியிலிருந்து அவருடைய கேட் பாஸை எடுத்துக் காட்டியது. பெயர், அப்பன் பெயர், அங்க அடையாளம், கான்டிராக்டர் முத்திரை.

"நம்பர் எதுனா போட்டிருக்கானா பாருடா" என்றது.

பாஸ் நம்பர் மட்டும் இருந்தது.